மருந்து போட்டும் பேன் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ஏழு வயது மகள், முதுகைத் தாண்டிய முடி. இரண்டு மாதத்தில் மூன்று முறை மருந்துக்கடை லோஷன் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நிம்மதி, பிறகு மறுபடி சொறிகிறாள். மாமியார் சூடத்தை எண்ணெயில் காய்ச்சித் தேய்க்கலாம் என்கிறார், பக்கத்து வீட்டில் மொட்டை அடிக்கச் சொல்கிறார்கள். "இதைவிட வீரியமான மருந்து எது?" என்றும், பள்ளிக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் என் கண்ணில் பட்டது அந்த "ஒரு வாரம்". மருந்து பேனைக் கொல்லவே இல்லையா, அல்லது கொன்ற பிறகு மீதி இருந்த ஈர் பொரித்து வருகிறதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். முதலாவது என்றால் மருந்தை மாற்ற வேண்டும். இரண்டாவது என்றால் அதே மருந்தைச் சரியான தேதியில் மறுபடி போட்டால் போதும். குழந்தைகள் மருத்துவத்தில் நாங்கள் பார்ப்பதில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. உங்கள் மகளின் தலையை நான் பார்க்கவில்லை என்பதால் அவளும் அந்த வகைதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

பேனின் கணக்கு இதுதான். வளர்ந்த பெண் பேன் எள் அளவு இருக்கும், ஏறக்குறைய ஒரு மாதம் வாழும், நாளுக்கு ஆறு முதல் எட்டு ஈர் வைக்கும். ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும். பொரிந்த குஞ்சு மூன்று முறை தோலுரித்து, இன்னும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாளில் தானே ஈர் வைக்கத் தயாராகிவிடும். நம் கடைகளில் கிடைக்கும் பெர்மெத்ரின் என்ற பேன் மருந்து நடமாடும் பேனைக் கொல்லும், ஆனால் ஈரின் ஓட்டுக்குள் இருக்கும் கருவை முழுதாகக் கொல்லாது. முதல் நான்கைந்து நாள் வரை அந்தக் கருவில் நரம்பு மண்டலமே உருவாகியிருக்காது. நரம்பைத் தாக்கும் மருந்துக்கு அங்கே வேலையில்லை. ஆகவே இன்று மருந்து போட்டால் நாளை தலை சுத்தமாகத் தெரியும். ஒன்பது பத்து நாளில் ஏறக்குறைய எல்லா ஈரும் பொரிந்திருக்கும். இன்னும் சில நாளில் முதலில் பொரிந்தவை ஈர் வைக்கத் தொடங்கும். ஏறக்குறைய எல்லாம் பொரிந்த பிறகு, எதுவும் ஈர் வைப்பதற்கு முன், என்ற குறுகிய இடைவெளியில் இரண்டாம் முறை மருந்து விழ வேண்டும். மருந்து போட்ட நாளைச் சேர்க்காமல் எண்ணினால் அந்த நாள் ஒன்பதாம் நாள். ஞாயிறு போட்டால் மறு ஞாயிறைத் தாண்டி வரும் செவ்வாய். "சொறிந்தால் மறுபடி போடுவோம்" என்று காத்திருந்தால் அது கட்டாயம் தவறும், ஏனென்றால் அரிப்பு தெரியும்போது அடுத்த தலைமுறை ஈர் வைத்து முடித்திருக்கும். நீங்கள் மூன்று முறை போட்டதும் அப்படித்தானோ என்று நினைக்கிறேன்.

ஆனால் மருந்தைத் தொடுவதற்கு முன், உயிருள்ள பேன் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்பதற்காக மருந்து போடக் கூடாது. பொடுகு விரலால் தட்டினால் உதிரும். ஈர் முடியின் ஒரு பக்கத்தில் சாய்வாக ஒட்டியிருக்கும், இரண்டு நகங்களால் பிடித்து இழுத்தால்தான் வரும். பொரித்த ஈரின் வெற்று ஓடு வெள்ளையாக மினுங்கும், அதுதான் கண்ணுக்கு முதலில் படும். உயிருள்ள ஈர் பழுப்பாக முடியின் நிறத்தோடு கலந்து மறைந்திருக்கும், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் அதிகம். தலைமுடி மாதத்துக்கு ஒரு செ.மீ. வளர்கிறது. எனவே தலைத்தோலிலிருந்து ஒரு செ.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும் ஈர் பெரும்பாலும் வெற்று ஓடு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். இது குளிர்நாட்டுக் கணக்கு. வெப்ப நாடுகளில் இன்னும் தள்ளியும் உயிருள்ள ஈர் இருக்கலாம் என்பதால் நம் ஊரில் தூரத்தை மட்டும் நம்பித் தீர்மானிக்க முடியாது. நகரும் பேன் ஒன்றாவது சீப்பில் வந்தால்தான் அது உறுதி.

அதற்குப் பேன் சீப்பு வேண்டும், வெறும் கண் போதாது. பேன் வெளிச்சத்தைக் கண்டால் நொடியில் முடிக்குள் ஓடிவிடும். முடியை நனைத்துவிட்டால் ஓடாமல் அசையாது நிற்கும். கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் இரண்டு பக்கப் பிளாஸ்டிக் சீப்பின் பல்லிடைவெளி வளர்ந்த பேனைப் பிடிக்கும், குஞ்சையும் ஈரையும் விட்டுவிடும். நீளமான எஃகுப் பற்கள் நெருக்கமாக இருக்கும் சீப்பு வாங்குங்கள். வாங்கும்போது பற்களுக்கிடையே வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரிய வேண்டும். பேன் சீப்பின் வடிவம் பெரிதாக மாறவே இல்லை என்பது ஒரு வேடிக்கை. இஸ்ரேலில் லாகீசு என்ற பழைய நகரத்தின் இடிபாட்டில் கிடைத்த யானைத் தந்தச் சீப்பு ஏறக்குறைய 3700 ஆண்டுகள் பழையது. ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு தடித்த பற்கள், மறுபக்கம் பேனுக்குப் பதினான்கு மெல்லிய பற்கள். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் வேரறுக்கட்டும் என்று அதிலேயே கானானிய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள்.

உயிருள்ள பேன் உறுதியானால், பெர்மெத்ரின் 1% லோஷனோடு தொடங்குங்கள். இரண்டு மாதம் நிறைந்த குழந்தையிலிருந்து இதைப் பயன்படுத்தலாம். அட்டையில் "பெர்மெத்ரின் 1%" என்று இருக்கிறதா பாருங்கள். அதே பெயரில் 5% கிரீம் சொறிசிரங்குக்கு உடலில் தடவுவது, கடைக்காரர் அவசரத்தில் அதைக் கொடுத்துவிடுவது உண்டு. தலைப் பேனுக்கு அது தேவையில்லை. "பேன் ஷாம்பு" என்று மட்டும் போட்டு, உள்ளே என்ன மருந்து எத்தனை சதவீதம் என்று சொல்லாத பாட்டில்களையும் விட்டுவிடுங்கள்.

போடும் முறையில்தான் பாதித் தோல்வி நடக்கிறது. தினமும் தேங்காய் எண்ணெய் வைத்துச் சடை போடும் தலையில் எண்ணெய்ப் படலத்தின் மேல் லோஷன் பிடிக்காது. முதலில் கண்டிஷனர் கலக்காத சாதாரண ஷாம்பு போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை, தேவையானால் இரண்டு முறை, அலசுங்கள். "டூ இன் ஒன்" ஷாம்பு வேண்டாம். கண்டிஷனரும் அதில் உள்ள சிலிக்கானும் முடியில் ஒரு பூச்சாகப் படிந்து மருந்தைத் தடுக்கும். பிறகு துண்டால் நன்றாகத் துவட்டி, சொட்டாத ஈரம் இருக்கும்போது லோஷனைப் போடுங்கள். நீர் சொட்டும் தலையில் போட்டால் மருந்து நீர்த்துவிடும். நீங்கள் வாங்கிய பாட்டிலின் தாளில் காய்ந்த முடியில் போடச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள், தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும். அளவில் கஞ்சத்தனம் கூடாது. தோள்வரை முடிக்கு 50 முதல் 60 மில்லி, உங்கள் மகளுக்கு இரண்டு பாட்டில்கூட ஆகலாம். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தலைத்தோலில் விரல்பட, காதுக்குப் பின்னும் பிடரியிலும் தொடங்கி நுனிவரை நனையுங்கள். சடையின் மேலே ஊற்றிப் பூசுவதில் பயன் இல்லை. கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் அலசினால் குறை, ராத்திரி முழுக்க விட்டால் கூடுதல் பலன் கிடையாது, தோல்தான் எரியும். குழந்தையைக் குனியவைத்து, கண்ணை மடித்த துணியால் அழுத்திக்கொள்ளச் சொல்லி, தலையை மட்டும் வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். மொத்தமாகக் குளிக்கவைத்தால் மருந்து உடம்பெல்லாம் வழியும், சுடுநீர் என்றால் தலைத்தோலில் இரத்த ஓட்டம் கூடி மருந்து கூடுதலாக உறிஞ்சப்படும். அதன் பிறகு இரண்டு நாள் ஷாம்பு, சீயக்காய், எண்ணெய் எதுவும் வேண்டாம். முடியில் கொஞ்சம் தங்கும் மருந்துதான் அடுத்து பொரியும் குஞ்சுகளைத் தாக்கும். பள்ளிக்கு எண்ணெய் வைக்காமல் அனுப்புவது சங்கடமாக இருக்கலாம், இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் நாள் இதையே முதலிலிருந்து. அந்த நாளில் முடியாது என்று தெரிந்தால், முதல் நாள், ஏழாம் நாள், பதின்மூன்று முதல் பதினைந்தாம் நாளுக்குள் ஒருநாள் என மூன்று முறை போடும் முறையும் இருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் உங்களுக்கு மிகவும் பயன்படப்போகும் சோதனை. மருந்து போட்ட எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சீப்பு போடுங்கள். வருபவை செத்தோ, தள்ளாடி மெதுவாக நகர்ந்தோ இருந்தால் மருந்து வேலை செய்கிறது. ஒன்பதாம் நாள்வரை காத்திருங்கள், இடையில் மருந்தைத் திரும்பப் போட வேண்டாம். முன்பு போலவே சுறுசுறுப்பாக ஓடினால், ஒன்று போட்ட முறை தவறு, அல்லது அந்தப் பேன்களுக்கு மருந்து எடுபடவில்லை. பெர்மெத்ரினுக்குப் பேன் எதிர்ப்புச் சக்தி பெற்றிருப்பது அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட பல நாடுகளில் நிரூபணமானது. உங்கள் மகளுக்கு "ஒரு வாரம் நிம்மதி" கிடைத்தது என்பதால், மருந்து எடுபட்டது என்றே இப்போதைக்குக் கொள்ளலாம்.

மருந்தே வேண்டாம் என்றால் சீப்பு மட்டும் போதுமா? போதும், பொறுமை இருந்தால். பிரிட்டனில் இதையே முதல் வழியாகப் பரிந்துரைக்கிறார்கள். முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என நான்கு அமர்வுகள் (இங்கே மட்டும் முதல் நாளையும் சேர்த்து எண்ணுங்கள்). தலையை அலசி, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி (இந்த முறையில் மருந்து இல்லாததால் கண்டிஷனர் தடையில்லை, தேங்காய் எண்ணெயும் ஆகும்), முதலில் அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். பிறகு முடியை நான்கு பாகமாகக் கிளிப் போட்டு, ஒவ்வொன்றிலும் விரலகல இழையாக எடுத்து, சீப்பின் பல் தலைத்தோலில் படும்படி வைத்து நுனிவரை ஒரே இழுப்பில் இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். தலை முழுக்க இரண்டு சுற்று. இந்த நீள முடிக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாது. பதினேழாம் நாள் ஒருமுறை சோதித்து, எதுவும் வரவில்லை என்றால் முடிந்தது. நடுவில் பெரிய பேன் ஒன்று வந்தால், அது பொரிந்த குஞ்சல்ல, யாரிடமிருந்தோ புதிதாக ஏறியது. எண்ணிக்கையை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது இரண்டையும் சேர்த்து: முதல் நாளும் ஒன்பதாம் நாளும் மருந்து, நடுவில் நான்காம் நாளும் ஏழாம் நாளும் சீப்பு. மருந்து நாளில் மட்டும் வெறும் ஈர முடியில் சீவுங்கள், கண்டிஷனர் வேண்டாம்.

சீப்பும் பெர்மெத்ரினும் ஒழுங்காகப் போட்டும் உயிருள்ள பேன் வந்தால்தான் அடுத்த மருந்துகளின் பேச்சு. டைமெதிகோன் என்ற சிலிக்கான் லோஷன் நரம்பைத் தாக்காமல் பேனை மூடி அடைத்துக் கொல்கிறது, அதனால் பழைய எதிர்ப்புச் சக்தி இங்கே செல்லாது. பெரிய மருந்துக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். தலையில் அது இருக்கும்வரை அடுப்பு, விளக்கு பக்கம் போகக் கூடாது. ஐவர்மெக்டின் மாத்திரை நன்றாக வேலை செய்யும், ஆனால் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கிடையாது, மருத்துவர் எடையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். வழக்கமான அளவு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. 20 கிலோ குழந்தைக்கு அது 4 மி.கி. வீட்டில் பெரியவருக்கு வாங்கிய 12 மி.கி. மாத்திரை இருக்கிறதே என்று கொடுத்தால் மூன்று மடங்காகிவிடும். காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு, அதாவது லிண்டேன், குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். தோல்வழியே உள்ளே போய் வலிப்பு வரவைத்திருக்கிறது.

அதே வலிப்புக் காரணத்துக்காகத்தான் மாமியாரிடம் சூட எண்ணெய்க்கு மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. சூடத்தின் வாசனைக்குப் பேன் மயங்கும் என்பது முழுப் பொய்யல்ல. ஆனால் சூடம் எண்ணெயில் கரைந்தால் தோலில் எளிதாக ஊறும், சொறிந்து புண்ணான தலையில் இன்னும் எளிதாக. சிறு குழந்தை அந்தக் கிண்ணத்தை எடுத்துக் குடித்துவிட்டால், ஒரு கிராம் சூடமே உயிருக்கு ஆபத்தாகலாம். சீத்தாப்பழ விதைப் பொடி இன்னொன்று. அதன் சாறு பேனைக் கொல்வது ஆய்வகத்தில் உண்மைதான். தலையில் தேய்த்து அலசும்போது கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோலே உரிந்து, குழந்தை கண் திறக்க முடியாமல் துடிக்கும். நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் இதைப் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய், எறும்புச் சாக்பீஸ், கரப்பான் பூச்சி மருந்து இவற்றைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம். வேப்பெண்ணெய், வசம்பு, துளசி பற்றி நல்ல சான்று குறைவு. பெரிய தீங்கில்லாமல் வேப்பிலை அரைத்துப் பூசலாம், ஆனால் அதை நம்பி ஒன்பதாம் நாளைத் தவறவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் பேனை மெதுவாக்கும், சீப்பு சறுக்க உதவும். மூச்சுத்துளையை மூடிக்கொண்டு பேன் மணிக்கணக்கில் தாங்கும் என்பதால் ஒரு ராத்திரி எண்ணெயில் எல்லாம் செத்துவிடாது. வினிகர் ஈரின் பசையைக் கரைக்கும் என்பதும் நடைமுறையில் அவ்வளவாகப் பலிப்பதில்லை. மொட்டை அடித்தால் பேன் போய்விடும், சந்தேகமில்லை. ஆனால் ஏழு வயதுப் பெண் குழந்தையை வகுப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஆக்கி இதைத் தீர்க்க வேண்டிய தேவை இல்லை.

வீட்டில் அவளோடு ஒரே பாயில், ஒரே கட்டிலில் படுப்பவர்கள் எல்லோர் தலையையும் அதே நாளில் சீப்பு போட்டுப் பாருங்கள். பாட்டி, அம்மா இருவரையும் தவறாமல். பேன் இருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே நாளில் மருந்து, அவளோடு படுப்பவருக்குச் சந்தேகம் என்றால் சேர்த்தே போட்டுவிடலாம். வீட்டில் இன்னொருவர் தலையிலிருந்து மறுபடி ஏறுவதால்தான், தேதி சரியாக இருந்தும், பல நேரம் பேன் திரும்புகிறது. மற்றபடி வீட்டைத் தலைகீழாக்க வேண்டியதில்லை. பேன் தாவாது, பறக்காது, தலையிலிருந்து விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். கடந்த இரண்டு நாளில் அவள் தலை பட்ட தலையணை உறை, துண்டு, ரிப்பன், தொப்பி இவற்றைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். சீப்புகளைக் கைபொறுக்காத சூட்டு நீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி இரண்டு வாரம் வைத்தால் போதும். மெத்தைக்குப் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது, அதை மூச்சில் இழுக்கப்போவது அவள்தான்.

மருந்துக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் அரிப்பு இருக்கும், அது தோல்வி அல்ல. அரிப்பு பேனின் உமிழ்நீருக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. முதன்முறை பேன் ஏறும்போது அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம் என்பதும் அதனால்தான். ஆகவே சொறிவதை வைத்து மருந்து போடாதீர்கள், சீப்பில் வருவதை வைத்துப் போடுங்கள். ஆனால் தலையில் சீழ்ப்புண், பொருக்கு, முடி ஒட்டிப்போதல், பிடரியில் நெறி கட்டுதல், காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் லோஷனை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், முதலில் புண் ஆற வேண்டும். கண் இமை முடியில் ஈர் போலத் தெரிந்தாலும் வீட்டில் எதையும் தடவாமல் காட்டுங்கள்.

பள்ளியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் மருந்து போட்ட மறுநாளே அவள் பள்ளிக்குப் போகலாம். வெற்று ஈர் ஓடு முடியில் இருப்பதற்காக வீட்டுக்கு அனுப்புவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஏற்பதில்லை. அழுக்கால் பேன் வருகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கழுவிய தலையும் கழுவாத தலையும் அதற்கு ஒன்றுதான், தலையோடு தலை முட்டினால் ஏறிவிடும். அவளோடு தலையை ஒட்டிவைத்து விளையாடும் இரண்டு மூன்று தோழிகளின் அம்மாக்களுக்கு நீங்களே தேதியைச் சொல்லி, அந்த ஞாயிறும் செவ்வாயும் அவர்களும் போட்டால் மிச்ச வேலை பாதியாகும். முடியை இறுக்கச் சடை போட்டு மடித்துக் கட்டுங்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் வாரத்தில் ஒருநாள் தலைகுளித்த ஈர முடியில் ஐந்து நிமிடம் எஃகுச் சீப்பு போட்டு வந்தால், அடுத்த முறை ஏறும் பேன் ஒன்றிரண்டாக இருக்கும்போதே வெள்ளைத் துணியில் வந்துவிடும்.